கையில் வைத்திருந்தது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்குக் காலையில் மட்டும் அந்தக் கோபம் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னதும் அவ்வளவு பணிவாக நின்றேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததற்கும் சொன்னேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதை இவ்வளவு ஒழுங்காக யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பதினான்கு பிள்ளைகள், ஒன்பது நிறுத்தங்கள். வேன் என்னுடையது. பிள்ளைகளை ஏற்றி ஓட்ட ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது, போக்குவரத்து அலுவலகம் தனியாக ஒரு பேட்ஜ் கொடுக்கும். அதைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் வண்டியை எடுக்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் இரண்டு முறை ஓட்டும்போது செல்போன் வைத்திருந்ததாகக் குற்றம் உறுதியானால் அந்த பேட்ஜ் போய்விடும். பேட்ஜ் போனால் என் வேன் சக்கரம் வைத்த தகரம், அவ்வளவுதான்.

ஒரு முறை ஏற்கெனவே ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் உண்மையாகவே போனில் பேசினேன். காலி வேன்தான், பிள்ளைகள் இல்லை, ஆனாலும் தப்பு தப்புதான். மறுநாளே போய் அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

இனி டிக்டிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டைவிரலால் அமுக்கினால் ‘டிக்’ என்று ஒரு எண் கூடுகிற சின்னக் கவுண்ட்டர் அது. கறுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும். பிள்ளைகள் வைத்த பெயர்தான் டிக்டிக். ஏறும்போது தலைக்கு ஒரு டிக். பள்ளி வாசலில் இறங்கும்போது வாய்விட்டு எண்ணி, இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் கதவைப் பூட்டுவேன்.

அதை நான் விளையாட்டுக்கு வாங்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கடைசி இருக்கைக்குக் கீழே சுருண்டு தூங்கிப்போனாள். நான் கவனிக்காமல் வேனைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். பாதி வழியில் பர்ஸை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினேன். நான்கு நிமிடம் இருக்கும். அவள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நின்றாள். அழக்கூட இல்லை, வியர்த்து வழிந்துகொண்டு தட்டினாள், அவ்வளவுதான். அந்தப் பர்ஸை நான் மறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவள் அம்மாவிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அதே வாரம் டிக்டிக் வாங்கினேன்.

வண்டி ஆய்வுக்குப் போயிருந்தபோது போக்குவரத்து அலுவலகத்தில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “நல்ல பழக்கம்மா, எல்லா வேன்காரங்களும் வச்சிருக்கணும்” என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு நான் அவ்வளவு பேசியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்றைக்கு ஐந்தாவது நிறுத்தத்தில் அக்காளும் தங்கையும் ஒன்றாகத் தாவி ஏறினார்கள். ஒரு டிக் அமுக்கினேனா, இரண்டு அமுக்கினேனா என்று எனக்குச் சந்தேகம். கடைசி நிறுத்தம் முடிந்து பெரிய சிக்னலில் நின்றபோது எண்ணைச் சுழியத்துக்குத் திருப்பி, கண்ணாடியில் பார்த்து முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். பின்னால் ஒரே கூச்சல். டிக் சத்தம் காதில் விழவேண்டும் என்று முழங்கையை ஜன்னலில் ஊன்றி அதைக் காதோரம் பிடித்துக்கொண்டேன். பச்சை விழுந்தது. ஒன்பது, பத்து என்று வாய் முணுமுணுக்க வண்டியை நகர்த்திவிட்டேன். அப்படி நகர்த்தியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். எதிர்ப்பக்கம் நின்ற காவலர் பார்த்தார்.

ஓரம் கட்டியதும் டிக்டிக்கைச் சட்டைப் பையில் போட்டேன். செல்போன் இருக்கைக்கு அடியில் என் பைக்குள் கிடந்தது. காவலர் ஜன்னலுக்கு வந்தார். இளவயதுக்காரர், மார்பில் சின்னக் கேமரா குத்தியிருந்தது. லைசென்ஸையும் வண்டிப் பேப்பரையும் வாங்கிப் பார்த்தார்.

“ஓட்டும்போது கையில வச்சிருந்தீங்களா?”

“ஆமா சார்.”

“காதுகிட்ட வச்சிருந்ததை நானே பார்த்தேன்.”

“ஆமா சார். பின்னாடி ஒரே சத்தம். அப்படி வச்சாத்தான் கேக்கும்.”

“இத்தனை குழந்தைங்களை வச்சுக்கிட்டா?”

“குழந்தைங்களுக்காகத்தான் சார். எப்பவும் வச்சிருப்பேன். அது இல்லாம வண்டியே எடுக்க மாட்டேன்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அசந்துபோய்விட்டார் என்று நான் நினைத்தேன். இவரும் நல்ல பழக்கம் என்று சொல்லப்போகிறார் என்று முகத்தைக்கூடச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். அவர் மும்முரமாக எழுதினார். சீட்டை நீட்டி, “இங்க ஒரு கையெழுத்து” என்றார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. படிக்காமல் போட்டேன். “ரொம்ப நன்றி சார்” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

பிள்ளைகளை இறக்கி, பூட்டி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சீட்டைப் பிரித்தேன். குற்றம்: வாகனம் ஓட்டும்போது கைபேசி பயன்படுத்தியது. கீழே அழகான கையெழுத்தில் குறிப்பு: ‘எப்போதும் வைத்திருப்பதாகவும், அது இல்லாமல் வண்டி எடுப்பதில்லை என்றும் ஓட்டுநர் தாமாகவே கூறினார்.’

இரண்டு முறை படித்தேன். குறிப்பில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அத்தனையும் நான் சொன்னதுதான். அவர் ‘போன்’ என்று சொல்லவில்லை, நானும் ‘டிக்டிக்’ என்று சொல்லவில்லை. கையில் வைத்திருந்தீர்களா என்று அவர் கேட்டார், வைத்திருந்தேன் என்று நான் சொன்னேன். எதை என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. டீ ஆறிப்போனது.

என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்ப்பவர். மத்தியானம் சாப்பிட வந்தவர் மேசையில் கிடந்த சீட்டை எடுத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மறுபடியுமா?” என்றார்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “என்ன மறுபடியுமா?”

“நீயே சொன்னதா போட்டிருக்கே.”

“நான் சொன்னது டிக்டிக்கைப் பத்தி.”

“அதை அவர்கிட்ட சொன்னியா?”

“கையில வச்சிருந்தீங்களான்னு கேட்டாரு. வச்சிருந்தேன்னேன்.”

“சரி விடு. நீ சொன்னா சரிதான்” என்று சாப்பிட உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டில் ‘நீ சொன்னா சரிதான்’ என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். பன்னிரண்டு வருடமாக அந்த வாக்கியத்தை நான் கேட்கிறேன். அந்தக் கடைசி இருக்கைச் சிறுமியைப் பற்றி அவருக்குத் தெரியும். அன்று இரவு முழுக்க நான் அழுததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அப்படிப்பட்டவரே நம்பவில்லை என்றால் முன்பின் தெரியாத நீதிபதி எப்படி நம்புவார்? அதைவிட, யாரும் நம்பாமல் போனால் போகட்டும், இவர் நம்பாததுதான் எனக்கு ஆறவில்லை. “போன தடவை நான் பேசினதும் யார்கூட? உங்ககூடத்தான். ஏசி கேஸ் சிலிண்டர் எங்க வச்சேன்னு கேக்கத்தான் கூப்பிட்டீங்க” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போட்டேன். அது நியாயமான பேச்சு இல்லை, ஆனால் சொன்னது எனக்குச் சுகமாக இருந்தது.

நான்கு வாரத்தில் நீதிமன்றம். அபராதத்தைக் கட்டிவிட்டால் அங்கே போகவே வேண்டாம் என்று சீட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. முதல் முறை நான் பெரிய எழுத்தை மட்டும்தான் படித்திருந்தேன்.

எங்கள் பெரியப்பா மகன் ஒரு வக்கீல். பத்திரம், பாகப்பிரிவினை, வாடகைத் தகராறு என்று ஆள் படுபிஸி. குடும்பத்தில் யாருக்கு எது வந்தாலும் அவர்தான். பல் வலி என்றால்கூட அவரிடம்தான் முதலில் சொல்வார்கள். அவருக்குப் போன் செய்தேன்.

“இதெல்லாம் ஒரு கேஸாம்மா?” என்றார். “நான் வந்து நிக்கறேன். பேசாம ஒத்துக்கோ. சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சுடுச்சு, கருணை காட்டுங்கன்னு கேட்டுக்கறேன்.”

“அண்ணே, எனக்கு நாப்பத்தொண்ணு ஆகுது. நான் செய்யவும் இல்ல.”

“செஞ்சியா இல்லையாங்கறது வேற விஷயம்மா.”

“பேட்ஜ் போயிடுமே அண்ணே.”

“பேட்ஜா? அது என்ன?”

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. அண்ணன் நல்லவர், நல்ல வக்கீலும்கூட. ஆனால் பல் வலிக்குக் கண் டாக்டரிடம் போன கதைதான். “யோசிச்சுச் சொல்றேண்ணே” என்று வைத்தேன். அவர் கோபித்துக்கொள்வார், அடுத்த குடும்ப விசேஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பட்டும்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு விளம்பரப் பலகை உண்டு. ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், கீழே ‘அபராதச் சீட்டா? கவலை வேண்டாம். வெற்றி உறுதி’ என்று இருக்கும். அந்த எண்ணுக்கும் அடித்தேன். ஒரு பெண் எடுத்து என் பெயர், வண்டி எண், எந்த வகையில் பணம் கட்டப்போகிறேன் என்று மூன்றே கேள்வி கேட்டாள். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. “வக்கீல் பேசுவாரா?” என்றேன். “கோர்ட்டுல பார்த்துக்கலாம் மேடம், நம்ம ஆள் யாராவது வருவாங்க” என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். யாராவது வந்து வாங்கிக்கொண்டு போக என் பேட்ஜ் என்ன, பொட்டலமா?

அப்புறம் எனக்கே ஒரு யோசனை வந்தது. ஃப்ரிட்ஜ் வாங்கினால் கடையில் திறந்து பார்க்கிறோம், வக்கீலை மட்டும் பார்க்காமல் எடுப்பானேன்? காலை ஓட்டத்தை முடித்துவிட்டு நேரே போக்குவரத்து நீதிமன்றத்துக்குப் போனேன். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று வாசலில் இருந்தவர் சொன்னார். நீளமான அறை, மர பெஞ்சுகள், மேலே ஒரு குழல் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்.

விளம்பரக்காரரின் ஆள் ஒருவர் வந்தார். கட்டுக் கட்டாகக் காகிதம். கட்சிக்காரரின் பெயரையே தப்பாகக் கூப்பிட்டார். இன்னொருவர் கணீரென்று பேசினார், நீதிபதி கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார். பிறகு ஒரு பெண் வக்கீல் எழுந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. வேகமாகப் போனதாக ஒரு லாரிக்காரர் மேல் வழக்கு. வேகம் அளக்கும் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், காவலர் எங்கே நின்றார், நடுவில் மரம் இருந்ததா என்று ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல் கேட்டார். எனக்கே அந்தச் சாலை கண்ணில் தெரிந்தது. கடைசியில் தோற்றுப்போனார்.

லாரிக்காரரை வராந்தாவில் பிடித்தேன். “தோத்துட்டீங்களே, வருத்தமா இல்லையா?”

“வேகமாத்தான் போனேன் அக்கா” என்று அவர் சிரித்தார். “பத்துல மூணு வாய்ப்புதான் இருக்குன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. பொய் சொல்லச் சொல்லலை. இன்னொரு தடவை மாட்டினாலும் இவங்ககிட்டதான் வருவேன்.”

அது போதும் எனக்கு. ஜெயித்தவர்களை எல்லாம் விட்டுவிட்டுத் தோற்ற வக்கீலின் பின்னால் ஓடினேன்.

அவருடைய அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது. சீட்டைப் படித்தார், திருப்பிப் படித்தார், கொண்டையில் இருந்த பென்சிலை உருவினார்.

“அவர் கேட்டதையும் நீங்க சொன்னதையும் அப்படியே சொல்லுங்க. அர்த்தம் வேண்டாம், வார்த்தை வேணும்.”

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தவர், ‘அது இல்லாம வண்டியே எடுக்க மாட்டேன்’ என்ற இடத்தில் பென்சிலை வைத்துவிட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது.

“சிரிச்சிடுங்க மேடம், பரவாயில்ல” என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், மூன்று நாளில் முதல் தடவையாக. பிறகு அவர் நேராக உட்கார்ந்தார்.

“முதல் விஷயம். வண்டியை நிறுத்தினா லைசென்ஸ், பேப்பர், பேரு, இதெல்லாம் கொடுத்தே ஆகணும். மரியாதையா நிக்கணும், கையை வெளிய தெரியற மாதிரி வச்சுக்கணும். ஆனா நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேட்டா பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ‘அதைப் பத்தி இப்ப பேச விரும்பலைங்க’ன்னு சொல்லலாம். அது குத்தமும் இல்ல, திமிரும் இல்ல.”

“அப்படிக்கூடச் சொல்லலாமா?”

“சொல்லலாம். பதில் சொல்றதா இருந்தா, கேள்வி என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். எதைன்னு கேட்டிருந்தீங்கன்னா இன்னிக்கு இங்க வந்திருக்கவே மாட்டீங்க.”

“கையெழுத்து வேற போட்டுட்டேனே.”

“அது சீட்டை வாங்கிக்கிட்டதுக்குத்தான். ஒத்துக்கிட்டதா ஆகாது.” பென்சிலால் காதோரம் சொறிந்துகொண்டார். “போன்ல பேசலைன்னு காட்ட கம்பெனியோட கால் லிஸ்ட் வாங்கலாம். ஆனா அது மட்டும் போதாது. பேசாம சும்மா கையில பிடிச்சிருந்தாலே குத்தம்தான். அவர் மார்புல கேமரா இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல? அதுல பதிவானது வேணும்னு இன்னிக்கே எழுதிக் கேக்கறேன். விட்டா அழிச்சிடுவாங்க.”

“ஜெயிச்சிடுவோமா மேடம்?”

“அது தெரியாது. பதிவைப் பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கவனமில்லாம ஓட்டினதுக்கு ஒரு எச்சரிக்கை வந்தாலும் வரும், ஏன்னா வண்டி நகரும்போது எண்ணினீங்க. அதுக்கு பேட்ஜ் போகாது. போன் கேஸ்தான் நமக்கு உடையணும்.” கட்டணத்தை ஒரு தாளில் எழுதி, என்னென்ன அதில் சேரும் என்று கீழே வரிசையாகப் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். “கோர்ட்டுக்கு நானேதான் வருவேன்” என்றும் எழுதியிருந்தார். நான் கேட்கவே இல்லை.

பதிவு பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. ஜெராக்ஸ் கடை மூடியிருந்த ஒரு மத்தியானம் அவருடைய அறையில் பார்த்தோம். என் குரலைக் கேட்கக் கூசியது. குழைந்து குழைந்து பேசியிருந்தேன். நான் ஞாபகத்திலிருந்து சொன்னதில் ஒரு சொல்லும் மாறவில்லை. என் கை படத்தில் தெரியவில்லை. அவர் சீட்டைக் கொடுத்துவிட்டு நடந்தபின்னும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அவருடைய மோட்டார் சைக்கிள்தான் தெரிந்தது.

“இருங்க” என்று வக்கீல் திரும்ப ஓட்டினார். “இது என்ன சத்தம்?”

காதைக் கொடுத்துக் கேட்டேன். பின்னால், கொஞ்சம் தூரத்தில், என் குரல். ஒண்ணு. டிக். ரெண்டு. டிக். மூணு. டிக். பதினான்கு வரை போனது. வண்டியைக் கிளப்புமுன் நான் மறுபடி முதலிலிருந்து எண்ணியிருக்கிறேன். எனக்கு அது ஞாபகமே இல்லை. தினமும் செய்கிறதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

“இதை வச்சுக்கலாம்” என்றார் வக்கீல். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் பென்சிலைக் கொண்டையில் செருகியபோது கை கொஞ்சம் வேகமாகப் போனது.

விசாரணை நாளன்று என் வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டார். நான் கூப்பிடவில்லை. “தனியா எதுக்குப் போற” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கண் சிமிட்டும் குழல் விளக்கை இன்னும் யாரும் மாற்றவில்லை. அவர் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், தொழில் புத்தி.

காவலர் உண்மையைத்தான் சொன்னார். கறுப்பாக ஒன்றைக் காதருகே பிடித்திருந்ததைப் பார்த்தேன், உதடு அசைந்தது, கேட்டபோது ஒப்புக்கொண்டார் என்றார். குறிப்பை வாசித்தார். ‘அது இல்லாமல் வண்டி எடுப்பதில்லை’ என்ற வரியில் பெஞ்சில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எனக்குக் காது சூடானது.

என் வக்கீல் எழுந்தார். “கறுப்பா பிடிச்சிருந்தது போன்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

“காதுகிட்ட வேற என்ன வைப்பாங்க?”

“போனை நேர்ல பார்த்தீங்களா?”

“இல்லைங்க. உள்ள வச்சிருப்பாங்க.”

“‘போன்’ங்கற வார்த்தையை அவங்ககிட்ட சொன்னீங்களா?”

காவலர் குறிப்பைத் திருப்பிப் பார்த்தார். “சொன்னேன்னுதான் நினைக்கறேன்.”

பதிவை ஓட்டினார்கள். நீதிபதி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். வயதானவர், அன்று மட்டும் முப்பது வழக்குக்கு மேல் பட்டியலில் இருந்தது. என் வக்கீல் அந்த டிக் சத்தத்தைத் தேடி ஓட்டத் தொடங்குமுன் அவருக்குப் பொறுமை போய்விட்டது. என் பக்கம் திரும்பினார்.

“சுத்தி வளைக்க வேண்டாம்மா. நானே நேராக் கேக்கறேன். அன்னிக்கு ஓட்டும்போது கையில வச்சிருந்தீங்களா, இல்லையா?”

ஆமா ஐயா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெரியவர்கள் கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகிய நாக்கு அது. அதைக் கடித்து நிறுத்தினேன்.

“எதைங்க ஐயா?”

தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தர் கையை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதி என்னைப் பார்த்தார், கையில் இருந்த சீட்டைப் பார்த்தார், காவலரைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

“நானும் சொல்லலையா?” என்றார் எழுத்தரிடம்.

“இல்லைங்க ஐயா.”

“சரி. கைபேசியை.”

“இல்லைங்க ஐயா. இதை.” சட்டைப் பையிலிருந்து டிக்டிக்கை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை. பிறகு என் வக்கீலிடம் மீதிப் பதிவையும் ஓட்டச் சொன்னார்.

ஒண்ணு, டிக். ரெண்டு, டிக். பதினான்கு வரை அந்த அறை முழுக்க என் குரல் போனது. நீதிபதி அவசரப்படுத்தவில்லை. ஏன் இப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டார். அந்த நான்கு நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது, அதற்காக எனக்கு வெட்கமில்லை.

போன் வழக்கு தள்ளுபடி. நகர்கிற வண்டியில் கையில் பொருளைப் பிடித்து எண்ணியதற்கு எச்சரிக்கை, இனி வண்டி நின்றபிறகுதான் எண்ண வேண்டும் என்று உத்தரவு. இரண்டும் நியாயம்தான். வராந்தாவில் காவலர் என்னிடம் வந்தார். “சத்தியமா அன்னிக்குப் போன்னு சொன்னேன்னுதான் அம்மா நினைச்சிட்டிருந்தேன்” என்றார். “நானும் டிக்டிக்குன்னு சொன்னேன்னுதான் சார் நினைச்சேன்” என்றேன். என் வக்கீல் அதற்குள் அடுத்த கட்சிக்காரரிடம், “அர்த்தம் வேண்டாம், வார்த்தை வேணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டேன். பென்சிலை ஆட்டினார்.

மாலை ஓட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. காலி வேனில் வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டுக்காரர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதே பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றேன். நீதிபதி திருப்பிக் கொடுத்திருந்த டிக்டிக்கை அவர் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதன் ஓரம் தேய்ந்து வெளுத்திருந்தது, என் கட்டைவிரல் படும் இடம்.

“தப்பா நினைச்சுட்டேன்” என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் பன்னிரண்டு வருடத்தில் அதுவே பெரிய விஷயம். சாதாரணமாக நான் சரி என்று சொல்லியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். ஆனால் இந்த நான்கு வாரம் எனக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

“எதை?” என்றேன்.

“அதான்... அன்னிக்கு.”

“எதை?”

அவர் என் பக்கம் திரும்பினார். சிக்னலில் இன்னும் முப்பது விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

“நீ போன்ல பேசிட்டு என்கிட்ட பொய் சொல்றேன்னு நினைச்சேன்” என்றார். “நீ பேசல. உன்னை நான் நம்பியிருக்கணும்.”

பச்சை விழுந்தது. டிக்டிக்கை அவர் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.